வீட்டுவண்டியும் பெட்ரோல் தடையும்

யந்திரங்களுக்கு மனமில்லை, ஆதலின் வஞ்சகமும் இல்லை. எனினும், நன்றாய் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் வண்டியொன்று மலைச்சாலையின் நடுவே திடீரென நின்று, கால்மணி நேரம் இளைப்பாறிய பின்னர் ஒன்றும் அறியாதது போல மீண்டும் ஓடத் தொடங்குமாயின், காண்போர் உள்ளத்தில் 'இதற்குப் பேய் பிடித்ததோ' என்னும் ஐயம் எழுதல் இயல்பே. சென்ற ஆண்டு ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு எம் கல்லூரி மாணவர் சிலருடன் யாம் சென்ற காலை, இத்தகைய அனுபவம் எமக்கு வாய்த்தது. அதனின்று யாம் கற்றது மோட்டார் வண்டிக்கு மாத்திரம் உரிய பாடம் அன்று. ஆதலின், அதனை இம்மலரின் வாயிலாக நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதற்கண், வீட்டுவண்டி என்பது யாது? உறங்கப் படுக்கையும், சமைக்க அடுப்பும், பண்டங்கள் வைக்க அலமாரியும் தன்னகத்தே கொண்டு, வீடும் வண்டியும் ஒன்றாய் அமைந்த மோட்டார் வாகனமே அது. ஜெர்மனி நாட்டில் 1950ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய வோல்க்ஸ்வாகன் சிற்றுந்தைப் பலர் இவ்வாறு மாற்றியமைத்தனர். இங்கிலாந்தில் போக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வால்ட்டர் கம்பெனியார் பெட்போர்டு வண்டியின் மேற்கூரையை உயர்த்தி, உள்ளே படுக்கைகளை அமைத்து, 'டார்மொபைல்' என்னும் பெயரால் விற்றனர். நம் நாட்டில் இவ்வகை வண்டிகள் உல்லாசத்தைக் காட்டிலும் ஊழியத்திற்கே மிகுதியும் பயன்பட்டன. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் சிறியதொரு பியூஜோ மோட்டாரில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு சாலையோரச் சிகிச்சையைத் தொடங்கியது யாவரும் அறிந்த வரலாறு. சக்கரங்களின்மேல் மருத்துவச்சாலை, சக்கரங்களின்மேல் நூல்நிலையம் ஆகியவற்றோடு ஓரினமாக எண்ணத்தக்கதே வீட்டுவண்டியும்.

எம்முடன் வந்த வண்டி 1960களில் செய்யப்பெற்ற பெட்ரோல் வண்டி. கல்லூரி அன்பர் ஒருவர் அதனை நீண்ட நாள் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்து, எம் பணிக்கென இரவல் தந்தார். போகும்போது போர்வைகளும் புத்தகங்களும் ஏற்றிச் செல்வது, திரும்பும்போது கண்படலத்தால் பார்வை மங்கிய மலைவாழ் முதியோர் மூவரை அறுவைச் சிகிச்சைக்காகப் போளூர் வழியே கீழ்நாட்டு மருத்துவச்சாலைக்கு அழைத்து வருவது. இதுவே எம் ஏற்பாடு. அம்மூவரும் அன்று வரையில் தங்கள் மலையைவிட்டு அதிகமாய் இறங்கியறியாதவர். 'உங்களைப் பத்திரமாய்க் கொண்டுபோய்ச் சேர்ப்போம்' என்று முன்னரே சென்ற மாணவர்கள் அவர்களுக்கு வாக்களித்திருந்தனர். ஆகவே, வண்டி ஓடுமா ஓடாதா என்பது எமக்கு வெறும் யந்திரப் பிரச்சினையாக இருக்கவில்லை.

போளூர்ப் பக்கத்துச் சாலையில் நண்பகல் வெயிலில் மலையேறத் தொடங்கினோம். சில கொண்டையூசி வளைவுகளைக் கடந்ததும் யந்திரம் இருமுறை விக்கியது, இழுவை குன்றியது, பின்னர் நின்றே போயிற்று. எம்முடன் வந்த மாணவர் ஒருவர், "வெயிலின் கொடுமையால் பம்பிலே பெட்ரோல் ஆவியாகிவிட்டது" என்று கூறி, துணியை நீரில் நனைத்துப் பம்பின்மேல் சுற்றினார். கால்மணி நேரத்திற்குப் பின் வண்டி கிளம்பிற்று. யாவரும் கைகொட்டினோம். நான்கு மைல் சென்றதும் மறுபடியும் நின்றது, மறுபடியும் ஈரத்துணி, மறுபடியும் கால்மணி நேரம், மறுபடியும் ஓட்டம். இவ்வாறு மாலை மயங்கும் வேளையில் ஜமுனாமரத்தூரை அடைந்தோம். ஈரத்துணியே மருந்து என்பதில் அன்றிரவு எவருக்கும் ஐயமில்லை. அஃது எத்துணைப் பெரிய பிழை என்பது மறுநாள் காலையிலேதான் விளங்கிற்று.

நிற்க. பழைய வண்டிகளில் பெட்ரோல் செல்லும் வழியை அறிந்தாலன்றி மேற்கூறப்போவது விளங்காது. வண்டியின் பின்புறத்தே டாங்கி உளது. அதனுள் அடிமட்டம் வரையில் ஓர் உறிஞ்சுகுழல் இறங்குகின்றது. அதன் நுனியில் மெல்லிய கம்பிவலை. அங்கிருந்து வண்டியின் அடிப்புறமாக உலோகக் குழாயும், இடையிடையே ரப்பர்க் குழாயும் யந்திரத்தின் பக்கவாட்டிலுள்ள பம்பு வரையில் வருகின்றன. பம்பினுள்ளே டயாப்ரம் என்னும் சவ்வொன்று உண்டு. யந்திரம் சுழலுந்தோறும் ஒரு நெம்புகோல் அச்சவ்வைக் கீழே இழுக்கின்றது. அப்பொழுது பெட்ரோல் உள்ளே உறிஞ்சப்படுகின்றது. வில்லொன்று சவ்வை மேலே தள்ளுகின்றது. அப்பொழுது பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்லுகின்றது. வந்த வழியே அது திரும்பிப் போகாவண்ணம் இரண்டு சிறு வால்வுகள் காவல் புரிகின்றன. கார்புரேட்டரின் கிண்ணத்தில் ஒரு மிதவை. கிண்ணம் நிறைந்ததும் அது மேலெழுந்து ஊசி வால்வினால் வழியை அடைக்கும். கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளையின் வழியே காற்றுடன் கலந்து யந்திரத்தினுள் புகும்.

இதில் கருதத்தக்க உண்மையொன்று உண்டு. டாங்கியினின்று பம்பு வரையிலுள்ள நெடுவழி முழுவதும் உறிஞ்சும் வழி. பம்பிற்கப்பால் உள்ள குறுவழியே தள்ளும் வழி. தள்ளும் வழியில் ஓட்டை உண்டாயின் பெட்ரோல் வெளியே ஒழுகி நம் கண்ணுக்கும் மூக்குக்கும் புலனாகும். உறிஞ்சும் வழியில் ஓட்டை உண்டாயினோ, பெட்ரோல் வெளிவராது காற்றே உள்ளே புகும். ஒரு துளி ஈரமும் காணப்படாது. 'எங்கும் ஒழுகவில்லை, ஆதலின் குழாய் செம்மையாகவே உளது' என முடிவு கட்டுதல் இக்காரணத்தால் தவறாகும். மலையேறும் போது முன்புறம் உயர்ந்து பின்புறம் தாழ்வதால், பம்பு பெட்ரோலை அதிக உயரத்திற்கு இழுக்க வேண்டியும் இருக்கின்றது. சமவெளியில் மறைந்து கிடந்த குறை மலையில் வெளிப்படுதல் இதனாலேயே.

இனி, ஓடிய வண்டி நின்று, இளைப்பாறியபின் மீண்டும் ஓடுதற்குக் காரணங்கள் யாவை? மூன்று காரணங்கள் ஒரே முகத்தோடு வந்து நம்மை மயக்குவன.

முதலாவது, டாங்கி மூச்சுவிட வழியின்மை. பெட்ரோல் வெளியேறுந்தோறும் அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே புக வேண்டும். அதற்கென மூடியிலோ தனிக்குழாயிலோ சிறு துளை உண்டு. அது தூசியால் அடைபடின், டாங்கியினுள் வெறுமை மிகுந்து, பம்பின் இழுப்பை எதிர்த்து நிற்கும். வண்டி நின்றபின் சிறிது சிறிதாகக் காற்று கசிந்து புக, மீண்டும் ஓடும். இதனை அறிதல் எளிது. நின்றவுடனே மூடியைத் திறக்க வேண்டும். 'உஸ்' என்று காற்று உள்ளே ஓடும் ஓசை கேட்டு, காத்திராமல் வண்டி கிளம்புமாயின் நோய் இதுவே.

இரண்டாவது, ஆவியடைப்பு. பெட்ரோல் ஒரே பொருளன்று. பல பொருள்களின் கலவை. அவற்றுள் இலேசானவை ஏறத்தாழ 35 முதல் 40 பாகை வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். பம்போ யந்திரத்தின் சூட்டிலேயே அமர்ந்திருக்கின்றது; மேலும், உறிஞ்சும் வழியில் அழுத்தம் குறைவு; அழுத்தம் குறையக் கொதிநிலையும் குறையும். மலையின் உயரமும் இதற்குத் துணைபுரிகின்றது. ஜமுனாமரத்தூருக்கு அண்மையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் 725 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது. அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைக் காட்டிலும் நூற்றுக்கு எட்டுப் பங்கு ஏறக்குறையக் குறைவு. நீரும் அங்கே சுமார் இரண்டரைப் பாகை முன்னதாகவே கொதிக்கும். பெட்ரோல் ஆவியானால் பம்பு திரவத்தை விடுத்து ஆவியையே அழுத்தி அழுத்தி விரிக்கும். கார்புரேட்டருக்கு ஒன்றும் சேராது. குளிர்ந்தபின் ஆவி மீண்டும் திரவமாக, வண்டி ஓடும். இக்காலத்து மோட்டார் வண்டிகளில் மின்சாரப் பம்பு டாங்கியினுள்ளேயே அமர்ந்து வழி முழுவதும் பெட்ரோலைத் தள்ளுவதால் இந்நோய் அரிதாயிற்று.

மூன்றாவது, டாங்கியினுள் உள்ள கசடு. துருவின் செதிள்களும் பழம்பெட்ரோலின் பிசினும் பெட்ரோலோடு இழுபட்டு உறிஞ்சுகுழலின் வலையில் சென்று ஒட்டிக்கொள்ளும். யந்திரம் நின்றதும் இழுப்பு நீங்குவதால் அவை உதிர்ந்து அடியில் படியும், வழி திறக்கும், வண்டி மீண்டும் ஓடும், சிறிது தூரம் சென்றதும் மீண்டும் வந்து ஒட்டும்.

நண்பர்காள்! மூன்று நோய்க்கும் குறி ஒன்றே என்பதைக் காண்மின். கால்மணி நேர ஓய்வு மூன்றையுமே தற்காலிகமாகத் தீர்க்கும். யாம் பகலில் செய்தது யாது? ஈரத்துணியையும் சுற்றினோம், கால்மணி நேரமும் காத்திருந்தோம். இரண்டையும் ஒருங்கே செய்துவிட்டு, புகழை மாத்திரம் துணிக்கு அளித்தோம். துணியின்றிக் காத்திருந்தால் என்ன நிகழும் என்பதை ஒருமுறையேனும் சோதித்தோமில்லை. ஒரு சோதனையில் ஒன்றையே மாற்றுக என்பது ஆய்வுக்கூடத்தில் நாம் நாள்தோறும் ஓதும் விதி. அதனை மலைச்சாலையில் மறந்தோம்.

அன்றிரவு உணவின் பின் இவ்வாறு எண்ணிப் பார்த்தபோது ஒரு வழி புலப்பட்டது. வெப்பமே காரணமாயின், விடியற்காலையின் குளிரில் வண்டி நில்லாது ஓட வேண்டும். ஆகவே, ஞாயிறு எழுமுன்னரே, யந்திரம் நன்கு ஆறியிருந்த நிலையில், வெறும் வண்டியை அருகிலிருந்த ஏற்றத்தில் ஓட்டினோம். போர்வை போர்த்தும் குளிராயிருந்தும், சிறிது தூரத்திற்குள் வண்டி முன்போலவே விக்கி நின்றது! ஆவியடைப்பு என்னும் கொள்கை அங்கேயே வீழ்ந்தது. உடனே டாங்கியின் மூடியைத் திறந்தோம், ஓசையில்லை, யந்திரமும் கிளம்பவில்லை. இரண்டாவது கொள்கையும் வீழ்ந்தது. துணியின்றிக் கால்மணி நேரம் காத்திருந்தோம், வண்டி கிளம்பிற்று. எஞ்சியது கசடே.

எனினும், எஞ்சியதனாலேயே ஒன்றை மெய்யெனக் கொள்ளலாகாது. நேரிற் காண வேண்டும். முதலில், குறை பெட்ரோலிலா மின்பொறியிலா என்பதைத் தெளிந்தோம். நின்ற கணத்தில் கார்புரேட்டரின் மேல்வாயை நோக்கி ஆக்ஸிலரேட்டரை அசைக்க, ஜெட்டினின்று பெட்ரோல் பீறிடவில்லை, கிண்ணம் வறண்டிருந்தது. பின்னர், யந்திரம் ஆறும் வரையில் பொறுத்திருந்து, காயிலுக்குச் செல்லும் மெல்லிய மின்கம்பியைக் கழற்றி, பொறி எழ வழியில்லாமற் செய்தோம். கார்புரேட்டரில் சேரும் குழாயைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணாடிப் புட்டியில் விட்டு, ஸ்டார்ட்டரால் யந்திரத்தைச் சுழற்றினோம். பெட்ரோல் துடிப்புத் துடிப்பாய் நன்றாகவே வந்தது, சில விநாடிகளில் மெலிந்தது, பின்னர் சொட்டாயிற்று. அன்றியும், இடையிடையே குமிழிகளும் தோன்றின. தொடக்கம் முதலே ஓட்டம் மெலிந்திருப்பின் பம்பின் சவ்வையோ வால்வையோ ஐயுறலாம். நன்றாய்த் தொடங்கிப் பின் மெலிதல் உறிஞ்சும் வாயில் அடைபடுதலின் அடையாளம். குமிழிகளோ எங்கோ காற்று புகுவதைக் காட்டின.

பின்னர்ப் பம்பின் முன்னுள்ள குழாயைக் கழற்றி, டாங்கியின் மூடியைத் திறந்துவைத்து, டயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்பினால் டாங்கியை நோக்கி ஊதினோம். முதலில் கை தடைப்பட்டது. பின்பு தடை விலகி டாங்கியினுள் குமிழியிடும் ஓசை கேட்டது. மீண்டும் புட்டியில் விட்டுப் பார்க்க, ஓட்டம் சீராயிற்று. நோயின் இருப்பிடம் இதனால் ஐயமற விளங்கிற்று. டாங்கியின் அடித்திருகைக் கழற்றி, பெட்ரோலைத் துணியால் வடித்துத் தகரக் கேனில் இறக்கினோம். வடிதுணியில் ஒரு கைப்பிடியளவு துருச்செதிள்களும் பழுப்பு நிறப் பிசினும் தங்கின. பின்புறத்து ரப்பர்க் குழாயை வளைத்தபோது மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தன. காற்று புகுந்த வழி அதுவே. நோய் ஒன்றன்று, இரண்டு.

ஆயுள் முழுவதும் நன்றாயிருந்த வண்டிக்கு இப்பொழுது இவை வந்ததேன்? நெடுநாள் நிறுத்தி வைத்திருந்தது ஒரு காரணம். பாதி நிறைந்த டாங்கியில் காற்றின் ஈரம் படிந்து துருவை வளர்த்தது. மற்றொரு காரணமும் இருத்தல் கூடும். நம் நாட்டில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் விற்பனைக்கு வரத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் என்பது சாராயமே. அது நீரைத் தன்பால் ஈர்க்கும். நீர் அளவுக்கு மிஞ்சினால், நீரும் சாராயமும் சேர்ந்து பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சுகுழல் முதலில் குடிப்பது அவ்வடிநீரையே. பழம்பிசினை இளக்கிப் பெயர்க்கும் இயல்பும் அதற்குண்டு. அக்காலத்து ரப்பர்க் குழாய்களும் பம்புச் சவ்வுகளும் சாராயத்தைத் தாங்குமாறு செய்யப்பட்டவை அல்ல. சில உப்பும், சில இறுகி வெடிக்கும். மேலும், ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கோ 9 பங்கே போதும். ஆதலின், பெட்ரோலுக்கென்றே துளையிடப்பட்ட பழைய ஜெட்டில் இக்கலவை செல்லும்போது, எரிபொருள் குறைந்து காற்று மிகும். பழைய வண்டியுடையார் சாராயத்தைத் தாங்கும் புதுக்குழாய்களையும் புதுச்சவ்வையும் இட்டு, ஜெட்டையும் தக்கவாறு திருத்திக்கொள்ளுதலே முறை. நெடுநாள் நிறுத்த நேரின் டாங்கியைக் காலியாக்கி உலர்த்தி வைத்தல் நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறாது மேற்செல்லல் தகாது. முதல்நாள் சாலையில் நின்றபோது, வழிப்போக்கராய் வந்த ஒருவர், "புட்டியில் பெட்ரோலை ஊற்றி, கார்புரேட்டரின் வாயில் சொட்டுச் சொட்டாய் விட்டுக்கொண்டே ஓட்டலாமே" என்று யோசனை சொன்னார். நல்லெண்ணத்தோடு கூறப்பட்டதே, ஆயினும் அதனை யாம் ஏற்கவில்லை. யந்திரம் ஒருமுறை எதிர்வெடித்தால் கார்புரேட்டரின் வாயினின்று தீ நாக்கு நீளும்; புட்டி கையிலிருப்பவன் கதி என்னாகும்? வீட்டுவண்டியிலோ அபாயம் பன்மடங்கு. அதனுள் சமையல் வாயு உருளை உளது. மெத்தையும் திரையும் உள. வெளியேற வாயிலோ பெரும்பாலும் ஒன்றே. பெட்ரோலின் ஆவியும் சமையல் வாயுவும் காற்றைவிடக் கனமானவையாதலின், பறந்து போகாமல் தரையோரம் தேங்கி நிற்கும். ஆகவே, பெட்ரோல் வழியில் கைவைக்குமுன் வாயு உருளையை மூடுக. அடுப்பையும் விளக்கையும் அணைக்க. உள்ளே ஒருவரும் இல்லாதபடி இறக்கிவிடுக. பாட்டரியின் கம்பியை, சுழற்றிப் பார்க்கும் நேரம் தவிர, கழற்றி வைக்க. தீயணைக்கும் கருவியைக் கையெட்டும் தூரத்தில் வைக்க. வாயினால் பெட்ரோலை உறிஞ்சுதல் நுரையீரலைக் கெடுக்கும்; அதனை ஒருபோதும் செய்யற்க.

இனி, முதியோர் மூவரின் செய்தி. காலையில் அவர்கள் சிறு மூட்டைகளுடன் வந்து மரத்தடியில் அமர்ந்திருந்தனர். அப்பொழுது டாங்கி கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. "இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஓடும், அவர்களை ஏற்றிச் செல்லலாம்" என்று மாணவருட் சிலர் வற்புறுத்தினர். வாக்களித்தோமே என்னும் வருத்தம் அவர்கட்கு. ஆனால், முதல்நாள் மாலையிலும் 'குணமாயிற்று' என்றே யாம் நம்பியிருந்தோம். இருமுறை பொய்த்த வண்டியைச் சோதித்தறிவதற்குக் கண் தெரியாத முதியோரை ஏற்றுதல் எங்ஙனம் தகும்? இவ்வாறு யாம் தயங்கி நிற்பதைக் குரலால் உணர்ந்த முதியவர், "தம்பிகளா, நாங்கள் நடந்தே பழகினவர்கள், பஸ்ஸிலே போகிறது எங்களுக்கு ஒரு குறையா? வண்டிக்காக வருத்தப்படாதீர்கள்" என்றார். காலைப் பஸ்ஸில் மாணவர் இருவரைத் துணைசேர்த்து அவர்களைப் போளூருக்கு அனுப்பினோம். கொடுத்த வாக்கு பத்திரமாய்ச் சேர்ப்பது என்பதே. இந்த வண்டியில் சேர்ப்பது என்பதன்று. அன்று மாலைக்குள் அவர்கள் மருத்துவச்சாலையில் சேர்க்கப்பட்ட செய்தி எமக்குக் கிடைத்தது.

டாங்கியை அலசி உலர்த்தி, உறிஞ்சுகுழலின் வலையைத் துடைத்து, கடைவீதியில் கிடைத்த புதுக்குழாயையும் உள்ளே கசடு தெரியத்தக்க கண்ணாடி வடிகட்டியையும் பொருத்தி, அதே ஏற்றத்தில் மும்முறை ஓட்டினோம். மூன்று முறையும் வண்டி நிற்கவில்லை. பிற்பகல் வெயிலிலும் ஒருமுறை ஓட்டி, வெப்பத்தின்மீது மீண்டும் பழி சுமத்த இடமில்லையென்று தெளிந்த பின்னரே, வெறும் வண்டியாய் மலையிறங்கினோம். வழியிடையில் வடிகட்டியை நோக்கினோம். இரண்டொரு துருச்செதிள்கள் அதனுள் தங்கியிருந்தன. அவையும் நமக்கு ஆசிரியர்களே என்று ஒரு மாணவர் அவற்றைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

மூவருள் இருவர்க்கு அவ்வாரமே அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. மற்றவர்க்கு அடுத்த வாரம். அவர்கள் ஊர் திரும்பும் நாளில் அழைத்துச் சென்றது அவ்வீட்டுவண்டியே. கட்டு அவிழ்ந்த கண்ணோடு முன்னிருக்கையில் அமர்ந்த அம்முதியவர், வளைவுதோறும் தம் மலையை நோக்கிக்கொண்டே வந்தார். வண்டி எங்கும் நிற்கவில்லை. ஓரிடத்தில் மாத்திரம், அவர் பார்க்க விரும்பியதனால், யாமே நிறுத்தினோம்.